வல்லை வெளியும் ஒரு கக்கூசுத் திறப்பும்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்துக்குப் புது மெசின் ஒன்று வந்திறங்கியது. விளக்கேற்ற ஓய்வுபெற்ற ஒரு தலை வேண்டுமாம், நான் அகப்பட்டேன். மெசின் கெட்டிக்காரிதான், குறை சொல்லக் கூடாது. கண்ணாடித் தகடுகளை ஒரு பக்கத்தால் கொடுத்தால் தானே கழுவி, தானே சாயமேற்றி, தானே காயவைத்து மற்றப் பக்கத்தால் தருகிறது. நாங்கள் ஐந்து பேர் கைகட்டி நின்று அதைப் பார்த்தோம். சும்மா நிற்பதற்குச் சம்பளம் வாங்கும் காலமும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "அக்கா, உங்கடை காலத்திலை கரண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னண்டு சாயம் போட்டனீங்கள்?"

மைக்கைத் தந்து ஐந்து நிமிடம் கதைக்கச் சொன்னார்கள். நான் வாய் திறந்தால் அடுப்பில் சோறு குழைந்துவிடும் என்று வீட்டில் எனக்குப் பெயர். பாதிக் கதையில் நின்றபோது சாப்பாட்டுப் பொதிகள் வந்துவிட்டன. பொதிக்கு முன்னால் நான் எம்மாத்திரம்? மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்து, கொழும்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். உடுத்திருந்த சீலையும் தலைக்குள் இருந்த படிப்பும்தான் கூட வந்தன. பிறகு வலிகாமத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. மனித உடம்பிலிருந்து வெட்டி எடுத்த எந்தத் துண்டைத் தந்தாலும் பழுதாகாமல் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, நிறமேற்றிக் கொடுப்பது என் வேலை. அதை நுணுக்குக்காட்டியில் வைத்து நோய் என்ன என்று சொல்வது டொக்டரின் வேலை.

நிறமேற்றுவதில்தான் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சமென்ன, நல்லாகவே இருந்தது. வழக்கமாக நாங்கள் போடுவது இரண்டு சாயம், ஒன்று நீலம், ஒன்று இளஞ்சிவப்பு. நீலத்தைப் போட்டபின் தண்ணீரில் அலச வேண்டும். அந்தத் தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு வடிவாக நீலம் பிடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். ஆனால் அந்த நீலத்துக்கு அதைப்போல் ஒரு தண்ணீர் உலகத்தில் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய டொக்டர் என் தகடுகளைப் பார்த்து, "இந்த நீலத்துக்கு என்ன போடுறீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். "எங்கடை கிணத்தைப் போடுறம்" என்றேன்.

தொண்ணூறில் சண்டையோடு கரண்ட் போனது போனதுதான். மெழுகு உருக்க மண்ணெண்ணெய் அடுப்பு. நுணுக்குக்காட்டிக்கு யன்னலோரம் வந்து விழும் வெயில்; கீழே இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டும். நீர் வடிக்கும் மெசின் மூலையில் கிடந்தது. அடுப்பில் வைத்து வடிக்கும் கொஞ்ச நீரும் ஊசி மருந்துக்கே காணாது. ஆகவே எங்களுக்கு எல்லாவற்றுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இருக்கவில்லை.

என் மேலதிகாரி டொக்டர் அருளம்பலம். உயரமான மனிதர், காற்சட்டைக் காலில் கிளிப் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். அந்தக் கிளிப்பைக் கழற்ற மறந்து நாள் முழுக்க அப்படியே நடப்பார். தகட்டை வைத்தவுடன் நடுவைப் பார்க்க மாட்டார், ஓரத்தால் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். "ஒரு வீட்டுக்குள்ளை போக முதல் வேலியைப் பாரும். வீட்டுக்காரர் எப்பிடியெண்டு வேலி சொல்லும்" என்பார். ஏதாவது பிடிபட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயில் போட ஒரு துண்டுப் பனங்கட்டி கேட்பார். பிடிபடாவிட்டால் "தெரியேல்லை" என்பார், வெட்கப்படவே மாட்டார். என்னை "யோகம்" என்று பெயர் சொல்லி, எப்போதும் "நீர், வாரும்" என்றுதான் கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் "நீங்கள், வாங்கோ" என்று மரியாதை கூடிவிடும். அந்த மரியாதை வந்தால் நாங்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொள்வோம்.

இனி வதனா ரீச்சருக்கு வருவோம். அவர்தான் இந்தக் கதை.

எங்கள் ஆய்வுகூடத்தில் சலப் பரிசோதனையும், அதாவது சிறுநீர்ப் பரிசோதனையும், நடந்தது. ஒருநாள் காலை, முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல சீலை உடுத்த ஒரு பெண் ஓடாத குறையாக வந்து மேசையில் போத்தலை வைத்தார்.

"பேரென்ன அம்மா?" என்றேன்.

"மிஸ்ஸி, முதலிலை கக்கூசுத் திறப்பைத் தாங்கோ. பேந்து பேரைச் சொல்லுறன்."

ஆஸ்பத்திரியிலேயே உள்ளே கொளுக்கி ஒழுங்காகப் பூட்டுப்படும் கக்கூசு எங்களுடையது ஒன்றுதான். அதன் திறப்பை, சாவியைத்தான் சொல்கிறேன், யாரும் மறந்து கொண்டுபோகாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டில் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து மூச்சுவிட்டுப் பெயர் சொன்னார். வடமராட்சியில் உடுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவர். இரண்டு பெண்பிள்ளைகள். சிநேகிதத்துக்கு ஆளாளுக்கு ஒரு தொடக்கம் இருக்கும். எங்களுக்கு அந்தத் திறப்பு.

அவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டால் ஒரு பெயரும் இல்லை. சலப்பையில் கொஞ்சம் நிறைந்தாலே அடிவயிற்றில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். போனால் ஒரு சொட்டு ஆறுதல். மறுபடி நிறையும், மறுபடி எரியும். பகலும் அப்படி, இரவும் அப்படி. ஒரு பாடவேளை முழுக்க வகுப்பில் நிற்க ஏலாது. பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தைப் பாதி கீறிவிட்டு வெளியே ஓட வேண்டியிருக்கும்.

அதையெல்லாம் விட அவருக்குப் பயம் வல்லை வெளி. வடமராட்சியிலிருந்து எங்கள் பக்கம் வருவதென்றால் அதைக் கடந்துதான் வர வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் உப்புத்தரை, காற்று, வானம். ஒரு மனுசர் மறைந்து நிற்க ஒரு பற்றைச் செடிகூடக் கிடையாது.

"இவரின்ரை சைக்கிள் கரியரிலை இருந்து வாறன், மிஸ்ஸி" என்று ஒருநாள் சொன்னார். "வெளி தொடங்கேக்கையே எனக்கு எரியத் தொடங்கியிடும். மேலை ஆமிக்காரன்ரை ஹெலி சுத்துது. இவர் 'இறங்காதை, இறங்காதை' எண்டுறார். எனக்கு இறங்காமல் ஏலாது. இவர் சைக்கிளைக் குறுக்கை விட்டுக் கட்டியிருந்த சாரத்தை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். உலகத்திலை ஆருக்கும் இப்பிடி ஒரு சீவியம் வேணுமே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிய இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஒவ்வொரு முறையும் அவருடைய சலத்தை நானே பார்ப்பேன். சீழ்க் கலம் இல்லை, கிருமி இல்லை, ஒன்றுமில்லை. உள்ளதைத்தான் எழுதினேன். ஆனால் எங்களுடைய அந்த "ஒன்றுமில்லை" அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டது. ஒன்றும் இல்லாமல் ஒருத்திக்கு எப்படி நோகும் என்று முதலில் வீட்டார் கேட்டார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். கடைசியில் டொக்டர்மாரும் கேட்டார்கள். கணவரின் தாய் மட்டும் கேட்கவில்லை, அவர் நல்ல மனுசி. "உடம்புச் சூடு" என்று சொல்லி விடிய எழும்பித் தேசிக்காய்த் தண்ணீர், எலுமிச்சை பிழிந்ததுதான், கரைத்துக் கொடுப்பார். பாதை திறந்திருந்த நாளில் கீரிமலைக்குக் கூட்டிப்போய்க் கேணியில் தோய வைத்தார். தேசிக்காய்த் தண்ணீர் குடித்த நாளெல்லாம் இன்னும் கூடுதலாக எரிந்தது. மாமியின் மனம் நோகும் என்று ரீச்சர் வாய் திறக்கவில்லை.

பிறகு மனநோய்ப் பகுதியில் குளிசை கொடுத்தார்கள். ரீச்சருக்கு வந்ததே கோபம்!

"உதை நான் விழுங்குவனே? கிணத்தடி வாழையின்ரை அடியிலை போட்டனான். எங்கடை வாழைக்கு இப்ப ஒரு கவலையுமில்லை, மிஸ்ஸி."

இப்படிப் பகிடி விட்டுக்கொண்டிருந்தவர், ஒரு ஐப்பசி தொடங்கும்போது கையில் போத்தல் இல்லாமல் வந்தார். திறப்பைக்கூடக் கேட்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

கல்விக் கந்தோர் அவரை மருத்துவச் சபைக்கு முன்னால் வரச் சொல்லியிருந்தது. வருத்தம் இன்னதென்று சபைக்குக் காட்ட முடியாவிட்டால், மனநிலை சரியில்லை என்று வேலையிலிருந்து நிறுத்துவார்கள். அதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் சத்திரசிகிச்சை டொக்டர் அவரை மயக்கி, உள்ளே குழாய் விட்டுச் சலப்பையைத் தண்ணீரால் விரித்துப் பார்த்திருந்தார். தண்ணீரை வடிக்கும்போது உள்சுவரில் ஊசி குத்தியதுபோல் இரத்தப் பொட்டுகள் அரும்பினவாம். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. சுவரில் கிள்ளி எடுத்த துண்டுகளை எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

"உள்ளுக்கை எடுத்த துண்டு உங்களிட்டையாம்" என்றார் ரீச்சர். "அதிலையும் ஒண்டுமில்லை எண்டு வந்தால், எனக்கு விசர் எண்டு எழுதிப்போடுவினம். வேலை போறது போகட்டும் மிஸ்ஸி. நாளைக்கு என்ரை பெட்டையளைக் கேட்டு வாறவன், 'விசரியின்ரை பிள்ளையளோ' எண்டெல்லே கேப்பான்."

"ரீச்சர், துண்டு என்ரை கையிலை. நீங்கள் போங்கோ" என்றேன். பெரிய கதை! துண்டை நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

துண்டு நெல்லு மணி அளவுகூட இல்லை. மெழுகில் பதித்துச் சீவினேன். வழக்கமான நீலமும் சிவப்பும் போட்டேன். தகடு என்ன வடிவு! டொக்டர் வேலியால் ஒரு சுற்று வந்தார், உள்ளே போனார், வெளியே வந்தார். பனங்கட்டி கேட்கவில்லை.

"உள்வரி மெல்லிசாக் கிடக்கு. இடைக்கிடை உரிஞ்சும் போச்சு. கீழை இரத்தக்குழாய் வீங்கியிருக்கு. இது காணாது, யோகம். இதைக் கொண்டு ஒரு சபைக்கும் போகேலாது."

"அப்ப ஒண்டுமில்லையோ, டொக்டர்?"

"காணாது எண்டுதான் சொன்னனான். இல்லையெண்டு சொன்னனானோ? இரும், சொல்லுறன்."

எப்போதும் நின்றுகொண்டே கதைக்கிற மனுசன் அன்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும்.

"உமக்கு ஊறுகாய்ச் சாடி தெரியுமெல்லே? உள்ளுக்கு மினுக்கமாப் பூசியிருக்கும். அதாலைதான் உப்பும் புளியும் மண்ணுக்குள்ளை இறங்காது. சலப்பைக்கும் உள்ளுக்கை அப்பிடி ஒரு பூச்சு இருக்கு. சில பேருக்கு அது ஏனோ கழண்டு போகுது. பேந்து சலத்திலை இருக்கிற உப்பு, புளிப்பு எல்லாம் சுவருக்குள்ளை ஊறும். சுவருக்குள்ளை காவல்காரர் இருக்கினம், மாஸ்ட் கலம் எண்டு பேர். ஒவ்வொருத்தற்றை மடியிலையும் மிளகாய்த்தூள் பொட்டலம். கள்ளன் வந்திட்டான் எண்டு நினைச்சுப் பொட்டலத்தை அவிட்டு எறிவினம். அதுக்குத்தான் ஹிஸ்டமின் எண்டு பேர். பக்கத்திலை இருக்கிற நரம்புக்கு எரியும். நரம்பு கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மற்றக் காவல்காரரும் எறிவினம். கள்ளனே இல்லை. அதாலைதான் நீர் சலத்திலை எவ்வளவு தேடியும் கிருமி இல்லை. ஆனால் மிளகாய்த்தூள் பறந்துகொண்டே இருக்கு."

எனக்குச் சட்டென்று ரீச்சரின் தேசிக்காய்த் தண்ணீர் நினைவுக்கு வந்தது. பூச்சுக் கழன்ற சாடிக்குள் மாமி விடிய விடியப் புளி ஊற்றியிருக்கிறார்!

"எல்லாருக்கும் இதுதான் எண்டும் இல்லை" என்றார் டொக்டர். "இந்த மனுசிக்கு இதுதானோ எண்டு நான் கண்ணாலை பாக்கவேணும். உம்மடை வழமையான நீலத்திலை அந்தக் காவல்காரர் மற்றக் கலங்களோடை கலந்து நிப்பினம், பொட்டலம் தெரியாது. வேறை சாயம் வேணும்."

அந்தச் சாயம் கொழும்பிலிருந்து வர வேண்டும். வந்த மாதிரித்தான்! ஆனால் மலேரியாத் தடுப்புக்காரரிடம் கீம்சா என்ற சாயம் போத்தல் போத்தலாக இருந்தது. இரத்தத்தில் மலேரியாக் கிருமி தேட அதைத்தான் போடுவார்கள். அந்தக் கீம்சா சரியாகப் பிடித்தால் மாஸ்ட் கலத்தின் பொட்டலங்கள் ஊதா நிறத்தில் எழும்பி நிற்கும் என்றார் டொக்டர். ஓடிப்போய் ஒரு போத்தல் வாங்கி வந்து, கிணற்றுத் தண்ணீரில் கலந்து போட்டேன்.

தகடு முழுவதும் ஒரே நீலம். கலமும் நீலம், இடைவெளியும் நீலம், என் விரலும் நீலம்.

டொக்டர் பார்த்தார். நிமிர்ந்தார். "நீங்கள் தகட்டுக்குச் சாயம் போட்டனீங்களோ, வேட்டிக்கு நீலம் போட்டனீங்களோ?" என்றார்.

மரியாதை வந்துவிட்டது. எனக்கும் சுள்ளென்று ஏறியது. "சாயம் பழுதா இருக்கும்" என்றேன். வேறு போத்தல் எடுத்து மறுபடி போட்டேன். நீலம். நேரத்தைக் குறைத்துப் போட்டேன். நீலம். மெழுகுக் கட்டியில் மிச்சமிருந்த துண்டு சீவச் சீவக் கரைந்துகொண்டு வந்தது. இனி ஒன்றிரண்டு சீவலுக்குத்தான் காணும் என்ற நிலை.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று டொக்டர் யன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு ஆடத் தெரியும்" என்று நான் அலுமாரியைப் பார்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஏதும் தேவையென்றால் செல்லாச்சியக்காவிடம் சொல்வோம், அவர் ஓரடி தள்ளி நிற்கும் மற்றவருக்குச் சொல்வார். செல்லாச்சியக்கா எங்கள் ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைத்துத் தேநீர் போடுபவர். இந்த அஞ்சல் வேலை அவருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும். எனக்கோ கண்ணை மூடினால் ரீச்சரின் முகம். நான் தலைக்கனத்தில் வாக்கு வேறு கொடுத்துவிட்டேன்.

சபைக்கு முதல்நாள் காலை, வானம் கிழிந்ததுபோல் மழை. டொக்டர் நனைந்து வந்து சைக்கிளை உள்ளேயே ஏற்றி நிறுத்தினார். செல்லாச்சியக்கா இரண்டு பேருக்கும் வெறுந்தேநீர் கொண்டுவந்து வைத்தார். டொக்டர் கோப்பையைத் தூக்கினார், குடிக்காமல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இதென்ன தேத்தண்ணி இண்டைக்கு இப்பிடிச் சிவப்பா, கண்ணாடி மாதிரிக் கிடக்கு? எந்த நாளும் கறுத்து, மேலை ஆடை படிஞ்செல்லோ இருக்கும்?"

"கிணத்துக் கயிறு அறுந்துபோச்சு, டொக்டர். கூரைப் பீலியாலை விழுந்த மழைத்தண்ணியைப் பிடிச்சு வைச்சனான்" என்று பயந்துகொண்டே சொன்னார் செல்லாச்சியக்கா.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன்.

"தண்ணி!" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அட, கடவுளே! என் பேரும் புகழும் எந்தத் தண்ணீரால் வந்ததோ அந்தத் தண்ணீரே குழி பறித்திருக்கிறது. வழக்கமான சாயத்துக்கு அமிர்தமாக இருந்த அந்தச் சுண்ணாம்பு, கீம்சாவைத் தூக்கி நீலத்தில் தள்ளிவிட்டது. ஊதாவும் சிவப்பும் வெளியே வர வழியே இல்லை. தேயிலையின் நிறத்தைக் கறுப்பாக்கியதும் அதே சுண்ணாம்புதான். எத்தனை வருடம் அந்தத் தேநீரைக் குடித்தோம்!

"கூடம் கோணல்தான், டொக்டர்" என்றேன்.

"ஓமோம், கோணல்தான். கெதியாச் சீவும்" என்றார். மரியாதை போய்விட்டது, எனக்கு உயிர் வந்தது.

பேசினைக் கொண்டுபோய்ப் பீலிக்குக் கீழே வைத்தேன். புதிதாகப் பிடித்த மழைத்தண்ணீரில் கீம்சாவைக் கலந்தேன். கடைசிச் சீவலை எடுத்து ஒட்டி, சாயமேற்றிக் கழுவிக் காயவைத்தேன். வெறுங்கண்ணுக்கே நிறம் வேறாகத் தெரிந்தது. தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், வெளிச்சம் இல்லை. தண்ணீர் தந்த மழை வெயிலைக் கொண்டு போய்விட்டது. யன்னல் யன்னலாக நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம். அரிக்கன் லாம்பைப் பிடித்துப் பார்த்தோம், ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து, நனைந்த குடையோடு வாசலில் வதனா ரீச்சர். அடுத்த நாள் சபைக்குப் போவதற்காக முதல்நாளே புறப்பட்டு, எங்கள் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க வந்திருந்தார்.

"திறப்பு!" என்றார். கொடுத்தேன்.

அவர் திரும்பி வருவதற்குள் டொக்டர் தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோச் செய்தி கேட்டது. டொக்டர் டைனமோ லைட்டைக் கழற்றி, நுணுக்குக்காட்டியின் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். நான் பெடலைச் சுற்றினேன். வெளிச்சம் வந்தது.

"கெதியா, கெதியா! மங்குது!"

"மனுசரோ மாடோ நான், டொக்டர்?"

"கதையாதையும், சுத்தும்!"

செல்லாச்சியக்கா லைட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டார். டொக்டர் குனிந்து, வழக்கம்போல் வேலியால் ஒரு சுற்று வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. ரீச்சர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பார்ப்பது தன் துண்டைத்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

டொக்டர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யோகம், பனங்கட்டி இருக்கோ?"

பெடலை விட்டுவிட்டு நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். வெளிச்சம் அணைந்தது.

"டொக்டர்" என்றார் ரீச்சர். "பிள்ளையளுக்கு நான் வெங்காயத் தோலைக் காட்டினனான், தவளை இரத்தத்தைக் காட்டினனான். என்ரை கலத்தை எனக்குக் காட்டுங்கோ."

நோயாளிக்குத் தகட்டைக் காட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. டொக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு சைக்கிளடிக்கு வந்து, "சுத்துறன், பாருங்கோ" என்று பெடலைத் தானே பிடித்தார்.

ரீச்சர் மற்றக் கண்ணை மூடாமல் பார்த்தார். பழகினவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். திருகியைத் தானே தொட்டுத் தெளிவாக்கினார்.

"இந்த ஊதாப் பொட்டுப் பொட்டா நிறைஞ்சு நிக்கிறதுகளோ?"

"அதுதான்" என்றார் டொக்டர், மூச்சிரைக்க. "இருக்கவேண்டியதிலும் பார்க்கக் கனக்க. நரம்புக்குப் பக்கத்திலை கூடி நிக்குதுகள், பாருங்கோ. சிலது வெடிச்சுப் பொட்டுகள் வெளியிலை சிந்திக் கிடக்கு. சிந்தினதுதான் உங்களை எரிக்கிறது."

ரீச்சர் கனநேரம் தலையை எடுக்கவில்லை. டொக்டரும் சுற்றுவதை நிறுத்தவில்லை. அவருடைய காலில் அந்தக் கிளிப் அப்படியே இருந்தது. பிறகு ரீச்சர் குனிந்தபடியே சொன்னார்:

"இத்தனை வருசமா நான் பொய் சொல்லேல்லை, மிஸ்ஸி."

"இல்லை ரீச்சர், நீங்கள் பொய் சொல்லேல்லை" என்றேன். செல்லாச்சியக்கா ஓவென்று அழுதார், லைட் ஆடியது.

அடுத்த நாள், ஆய்வுகூடத்தை விட்டு எங்கும் போகாத டொக்டர் அருளம்பலம், தகட்டைப் பஞ்சில் பொதிந்து, நுணுக்குக்காட்டியை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சபைக்கே போய்விட்டார். அன்று நல்ல வெயில். சபையில் இருந்த ஒவ்வொருவரையும் குனிய வைத்துப் பார்க்கச் சொன்னாராம். ரீச்சருக்கு விசர் என்று யாரும் எழுதவில்லை. வைத்தியத்துக்கு லீவு கொடுத்தார்கள், வேலை தப்பியது.

வைத்தியம் என்றால் பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை, இருந்ததை வைத்துச் செய்ததுதான். புளிப்பு, உறைப்பு, தேநீர் எல்லாம் நிறுத்தம். இரவில் ஒரு சின்னக் குளிசை. அந்தக் குளிசையைக் கண்டதும் ரீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இது அந்த வாழைக்குப் போட்ட குளிசையெல்லோ?"

"அதேதான்" என்றார் டொக்டர். "அதை விசருக்கும் குடுக்கிறது. கொஞ்சமாக் குடுத்தால் நரம்பின்ரை கத்தலையும் குறைக்கும், மிளகாய்த்தூள் எரிவையும் குறைக்கும்."

"இதை முதலே இப்பிடிச் சொல்லித் தந்திருந்தால் நான் விழுங்கியிருப்பன்தானே" என்றார் ரீச்சர்.

மாமிக்கு விடயம் தெரிந்தபோது, "ஐயோ, அப்ப நானே என்ரை பிள்ளையை எரிச்சிருக்கிறன்?" என்று வளவிலிருந்த தேசி மரத்தையே தறிக்கச் சொல்லிவிட்டாராம். ரீச்சர் போய் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தடுத்தார். "மரம் என்ன செய்யும் மாமி, ஊறுகாய் போடுவம்" என்றாராம்.

முழுக்க மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வருத்தம் அப்படி மாறுகிற சாதி அல்ல. சில மாதம் நல்லாக இருக்கும், சில வாரம் திரும்ப எரியும். ஆனால் அது இன்னது என்று அவருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். மருந்து எடுக்க வரும்போதெல்லாம் எங்களிடம் தலை காட்டுவார். வந்ததும் முதல் சொல் "திறப்பு" தான். நானும் அவர் படியேறும் சத்தம் கேட்டாலே ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருக்கும், பங்குனி வெயிலில் ஒருநாள் வந்தார். தனியே, தானே சைக்கிள் ஓடி வந்திருந்தார். எனக்கு மேசை நிறைய வேலை, தலை நிமிரவே நேரமில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தேன், வடிவாகக் குடித்தார். பெரிய மகள் சோதனையில் விலங்கியலுக்கு நல்ல புள்ளி எடுத்ததைச் சொன்னார். மாமியின் ஊறுகாயில் ஒரு போத்தல் டொக்டருக்குக் கொடுத்தார். டொக்டர் வழக்கம்போல் நின்றுகொண்டே ஒரு துண்டைச் சுவைத்து முகத்தைச் சுளித்தார். ரீச்சர் செல்லாச்சியக்காவோடு கொஞ்சம் கதைத்தார். பிறகு "வாறன் மிஸ்ஸி, வெயில் ஏற முதல் வல்லையைத் தாண்டவேணும்" என்று எழும்பிப் போனார்.

நான் யன்னலால் கையை அசைத்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால், சிரட்டைத் துண்டோடு திறப்பு ஆணியில் அப்படியே தொங்கியது.